வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு

முப்பது வருஷம் சென்னையில் வாடகைக்கு இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அட்வான்ஸ் வேறு, முன்வாடகை வேறு. முதலாவது திரும்பி வர வேண்டிய பணம். இரண்டாவது மாதாமாதம் கரைகிற பணம். ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று ஓனர் சொன்னால், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

2. பத்து மாத அட்வான்ஸ் இந்த ஊர் வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே செல்லும். எனவே பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்பே. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். பிற்பாடு கேட்டால் ஒரு மாத வாடகை போய்விடும்.

3. வாடகை தாமதமாகும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்னாலேயே சொல்லுங்கள். திருவல்லிக்கேணியில் இருந்தபோது ஒரு மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் மாடிப்படி ஏறினேன். நாலாம் நாள் வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பணம் இல்லேன்னா சொல்ல வேண்டியதுதானே, ஏன் திருடன் மாதிரி வர்றே?" என்றார். அவருக்கு அந்த வாடகையில்தான் பால்காரர் கணக்கும் மருந்துச் செலவும். பாதியை அன்றே கொடுத்து, மீதிக்கு ஒரு தேதி சொன்னேன். சொன்ன தேதியையும் தவறவிட்டால் அப்புறம் உங்கள் பேச்சு எடுபடாது. "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால், காலி செய்யச் சொல்ல அவருக்குச் சட்டப்படியே வழி உண்டு.

4. ஜிபேயில் அனுப்பினால் "ஜூன் வாடகை" என்று குறிப்பு எழுதுங்கள். ரொக்கம் என்றால் ரசீது. சொந்தக்காரர் வீடானாலும்தான்.

5. சில ஓனர்கள் வீட்டைக் காலி செய்ய வைப்பதற்காகவே வாடகையை வாங்க மறுப்பார்கள். மிச்சம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், பாக்கிக் கணக்கு உங்கள் தலையில் ஏறும். மணியார்டரில் அனுப்புங்கள். இரண்டு மாதம் அதுவும் திரும்பி வந்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

6. காலி செய்யும்போது கடைசி இரண்டு மாதத்தை அட்வான்ஸில் கழிப்பது ஊரில் நடப்பதுதான். நோட்டீஸ் கொடுக்கும் அன்றே, சம்மதம் என்று ஓனரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வரியாவது வாங்கிவிடுங்கள். சாவி அதற்கப்புறம்.