முதல் படக்கருவி

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை காண்க.

திருமணம், காதணி விழா, பட்டமளிப்பு விழா, பிறந்தநாள் என நம் நாட்டில் புகைப்படக் கலைஞரை அழைக்காத நிகழ்ச்சி இல்லை என்றே கூறலாம். கலையார்வமும் உழைப்பும் உள்ள இளைஞர்களுக்கு இத்துறை நல்லதொரு தொழில்வாய்ப்பு. ஆயினும், இத்துறையில் கால்பதிக்க விரும்பும் பலரை முதல் படியிலேயே தடுமாற வைப்பது, "எந்தக் கேமராவை வாங்குவது?" எனும் வினா. கடைகளில் 10,000 ரிங்கிட்டைத் தாண்டிய படக்கருவிகளும் கண்ணாடிப் பேழைக்குள் மின்னுகின்றன. விலை உயர்ந்ததை வாங்கினால்தான் தொழிலில் மதிப்பு என்று எண்ணி, பெற்றோரின் சேமிப்பைக் கரைப்போரும் உளர். தவணைக் கடனில் மாட்டிக்கொள்வோரும் உளர். வருமானம் தொடங்குவதற்கு முன்பே கடன் தொடங்கிவிட்டால், தொழில் நிலைப்பது கடினம். எனவே, குறைந்த பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும்.

தொழில் கேட்பது என்ன?

மணமகன் தாலி கட்டும் நேரம் சில நொடிகளே. "படம் சரியாக விழவில்லை, மீண்டும் ஒருமுறை கட்டுங்கள்" என்று கேட்க இயலாது. வாடிக்கையாளர் கலைஞரிடம் ஒப்படைப்பது திரும்பி வராத அந்நொடிகளைத்தான். படக்கருவியின் பெயரையோ விலையையோ அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. அவர் எதிர்பார்ப்பவை மூன்று: மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக இருக்க வேண்டும், நிகழ்ச்சியின் நடுவில் கருவி நின்றுவிடக் கூடாது, எடுத்த படங்கள் தொலைந்துவிடக் கூடாது. வாங்கும் ஒவ்வொரு பொருளையும் இம்மூன்று அளவுகோல்களால் அளந்து பார்த்தால், எது தேவை, எது ஆசை என்பது விளங்கிவிடும்.

எண்களைக் கண்டு மயங்காதீர்

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது மெகாபிக்சல் எண்ணிக்கை. 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் இலக்கவியல் படக்கருவி, 10,000 படப்புள்ளிகளை மட்டுமே பதிவு செய்தது. இன்று தொடக்கநிலைக் கருவிகளே 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 இலட்சம் படப்புள்ளிகளைப் பதிவு செய்கின்றன. அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 புள்ளிகள். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எனத் தரமாக அச்சிட்டாலும் ஏறத்தாழ 20 அங்குல அகலமும் 13 அங்குல உயரமும் உள்ள படம் கிடைக்கும். சுவரில் மாட்டும் படத்திற்கும் திருமணத் தொகுப்பேட்டிற்கும் இது போதும். இதற்கு மேற்பட்ட எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, தொடக்கநிலையில் தேவையற்ற செலவே.

வில்லைக்கு முதலிடம்

படக்கருவியை உடற்பகுதி, வில்லை என இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். லென்ஸ் என நாம் அழைப்பதே வில்லை. தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய உடற்பகுதியை வெளியிடுவதால் பழையதன் விலை விரைவாக இறங்கிவிடும். நல்ல வில்லையோ பல்லாண்டுகள் பயன்தரும். எடுத்துக்காட்டாக, கெனான் நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய வகையைச் சேர்ந்த வில்லைகளை, இணைப்பு வளையத்தின் துணையோடு அந்நிறுவனத்தின் இன்றைய கருவிகளிலும் பொருத்த முடிகிறது.

மங்கிய ஒளியில் கைகொடுப்பதும் வில்லையே. வில்லையின் நடுவில் உள்ள துளை எவ்வளவு அகலமாகத் திறக்கிறதோ, அவ்வளவு ஒளி உள்ளே நுழையும். துளையின் அளவை 'எஃப்' எண்ணால் குறிப்பர். எண் சிறியதானால் துளை பெரியது. கருவியோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லை, தூரக்காட்சியை நெருக்கிக் காட்டும்போது பொதுவாக எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். விலை மலிவான 50 மி.மீ. வில்லை எஃப் 1.8 வரை திறக்கும். இதனால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி கிடைக்கும். தீபாவளி இரவில் விளக்கேற்றும் குழந்தையைப் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண வில்லையில் ஒரு நொடியின் 20இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் அதே ஒளியில், இந்த வில்லைக்கு 200இல் ஒரு பங்கு நேரம் போதும். முதல் படத்தில் குழந்தையின் கை அசைந்து கலங்கும். இரண்டாவதில் விரல்கள் தெளிவாகத் தெரியும்.

பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன் தம் படங்களில் பெரும்பாலானவற்றை ஒரு சிறிய படக்கருவியையும் 50 மி.மீ. வில்லையையும் கொண்டே எடுத்தார். எனினும், ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தொடக்கநிலைக் கருவிகள் பலவற்றின் உணரி அளவில் சிறியது. அவற்றில் 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 75 மி.மீ. வில்லையைப் போல் குறுகலான காட்சியையே காட்டும். முகங்களைப் படமெடுக்க அது மிகப் பொருத்தம். நெருக்கமான அறைக்குள் குடும்பத்தினர் அனைவரையும் அடக்குவதற்கு 35 மி.மீ. வில்லையே ஏற்றது.

பழைய கருவி, நல்ல கருவி

2018ஆம் ஆண்டில் கெனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் தொழில்முறைக் கலைஞர்களுக்காகப் புதிய வகைக் கண்ணாடியில்லாக் கருவிகளை வெளியிட்டன. பலர் அவற்றிற்கு மாறியதால், முந்தைய டி.எஸ்.எல்.ஆர். கருவிகள் பயன்படுத்திய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை எடுக்கும் படத்தின் தரம் குறைந்துவிடவில்லை, புதுமோகம்தான் குறைந்துவிட்டது. வாங்கும்போது பின்வருவனவற்றைச் சரிபார்த்திடுக.

• ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியுள்ளது எனக் கேட்டறிக. பல கருவிகளின் ஷட்டர் ஏறக்குறைய 100,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டவை.

• கைப்பேசி விளக்கை வில்லையின் ஒரு பக்கத்தில் பிடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்திடுக. சிலந்தி வலை போன்ற நூலிழைகள் தெரிந்தால், அது பூஞ்சணம். அதனை வாங்காதீர்.

• வெண்மையான சுவரையோ வானத்தையோ துளையைச் சுருக்கிப் படமெடுத்துப் பார்த்திடுக. கரும்புள்ளிகள் தெரிந்தால் உணரியில் தூசு படிந்துள்ளது என்று பொருள். தூசைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க இயலாது.

• முகவரி உள்ள கடையில், பற்றுச்சீட்டுடன் வாங்குக. உத்தரவாதம் தருவது தயாரிப்பு நிறுவனமா, கடையா என்பதையும் கேட்டுக்கொள்க.

நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் பூஞ்சணம் வளர ஏற்றவை. ஆகவே, வில்லையைத் துணிப்பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது. காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் போட்டு, அதில் வைக்கலாம். சில ரிங்கிட் செலவில் பல நூறு ரிங்கிட் பொருள் காக்கப்படும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவரிடம் 3,000 ரிங்கிட் இருப்பதாகக் கொள்வோம். விலைகள் கடைக்குக் கடை மாறும். எனினும், பணத்தைப் பங்கிடும் முறையைக் கீழ்க்காணும் திட்டத்திலிருந்து அறியலாம்.

பயன்படுத்திய உடற்பகுதியும் சாதாரண வில்லையும் – 1,700 ரிங்கிட்
எஃப் 1.8 வில்லை – 500 ரிங்கிட்
இரண்டு நினைவக அட்டைகள், கூடுதல் மின்கலம் – 250 ரிங்கிட்
படங்களைச் சேமிக்கும் வன்தட்டு – 250 ரிங்கிட்
உலர் பெட்டி, துடைக்கும் பொருள்கள் – 100 ரிங்கிட்
பழுதுபார்ப்புக்கான கையிருப்பு – 200 ரிங்கிட்

இத்திட்டத்தில் நினைவக அட்டை, மின்கலம், வன்தட்டு ஆகியவை கவர்ச்சியற்ற பொருள்களாகத் தோன்றலாம். ஆனால், கருவி நின்றுவிடாமலும் படங்கள் தொலையாமலும் காப்பவை அவையே. 3,000 ரிங்கிட்டையும் உடற்பகுதிக்கே கொடுத்துவிட்டு, ஒரே மின்கலத்தோடு திருமண மண்டபத்திற்குச் செல்பவர் பிறருடைய நன்னாளைப் பணயம் வைக்கிறார்.

எல்லாவற்றையும் வாங்கத்தான் வேண்டும் என்பதுமில்லை. 4,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு வில்லையின் ஒருநாள் வாடகை 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அது தேவைப்பட்டால், வாடகைத் தொகை அதன் விலையை எட்ட 20 மாதங்கள் ஆகும். அதற்குள் அந்த வில்லை உண்மையிலேயே தேவையா என்பது அனுபவத்தில் தெரிந்துவிடும். மேலும், வாடகையை வாடிக்கையாளரிடம் பெறும் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றே தொடங்கலாம்

இந்த 3,000 ரிங்கிட்டும் கையில் இல்லாதவர் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது, பின்னணியில் என்ன இருக்கிறது, எந்நொடியில் அழுத்த வேண்டும் என்பனவற்றைக் கைப்பேசியிலேயே பழகலாம். பள்ளியின் விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழி விழா, கோயில் திருவிழா ஆகியவை கட்டணமில்லாப் பயிற்சிக்களங்கள். படங்களைத் திருத்த டார்க்டேபிள், கிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. அனுபவமிக்க கலைஞர் ஒருவருக்கு உதவியாளராகச் சென்றால், அவருடைய கருவிகளைக் கையாண்டு பார்க்கும் வாய்ப்பும் கிட்டும்.

"விரலுக்கேற்ற வீக்கம்" என்பர் பெரியோர். முதல் கருவி கற்பதற்கு. இரண்டாவது கருவி சம்பாதிப்பதற்கு. இரண்டாவதை முதலாவது ஈட்டிய பணத்தில் வாங்குபவரே இத்தொழிலில் கடன் சுமையின்றிக் காலூன்றுவார்.

அருஞ்சொற்பொருள்

பேழை – பெட்டி
உணரி – படக்கருவிக்குள் ஒளியைப் பதிவு செய்யும் பகுதி
பூஞ்சணம் – ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்
பணயம் – இழக்க நேரலாம் என அறிந்தும் ஈடாக வைப்பது

வினாக்கள்

1. வாடிக்கையாளர் புகைப்படக் கலைஞரிடம் எதிர்பார்க்கும் மூன்று கூறுகள் யாவை?
2. உடற்பகுதியைவிட வில்லைக்கு முதலிடம் தர வேண்டும் எனக் கட்டுரையாசிரியர் கூறுவதற்கான காரணங்கள் இரண்டினை எழுதுக.
3. "பிறருடைய நன்னாளைப் பணயம் வைக்கிறார்" எனும் தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
4. உம்மிடம் 1,500 ரிங்கிட் மட்டுமே இருந்தால், கட்டுரையில் உள்ள திட்டத்தை எவ்வாறு மாற்றி அமைப்பாய்? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.