ஆறே நாளில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: ஐ.சி.யு.வில் இருக்கும் அப்பாவுக்கு ஆறாம் நாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள். ‘புரோகால்சிடோனின் நன்றாக இறங்கிவிட்டது’ என்கிறார் டாக்டர். கோர்ஸை முடிக்க வேண்டாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. பாக்டீரியா தொற்று முற்றும்போது ரத்தத்தில் ஏறி, அடங்கும்போது இறங்கும் பொருள்தான் புரோகால்சிடோனின். உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ, மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமைத் தொட்டாலோ நிறுத்தலாம் என்ற விதியை நெதர்லாந்து ஐ.சி.யு.க்களில் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து நாட்கள் ஏழிலிருந்து ஐந்தாகின. இறப்பும் குறைவாகவே இருந்தது. பிறகு பிரிட்டனில் 2,760 பேரிடம் நடந்த ஆய்வில் மிச்சமானது ஏறக்குறைய ஒரு நாள்தான். சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவெடுத்தபோது அதுவும் மிச்சமாகவில்லை.

ஒரு நாள் அற்பமல்ல. ஐ.சி.எம்.ஆர். 2013இல் தொடங்கிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பில் நம் ஜிப்மரும் ஒரு மையம். கார்பபெனம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக்குக்கே அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா நம் ஐ.சி.யு.க்களில் சகஜமாகிவிட்டது. தேவையற்ற ஒவ்வொரு டோஸும் அதை வளர்க்கும்.

ஆனால் புரோகால்சிடோனின் அளவு மட்டும் போதாது. சிறுநீரகம் பழுதானால் அது மெதுவாகத்தான் இறங்கும். இதய வால்வு, எலும்புத் தொற்றுகளுக்கு வாரக்கணக்கில் மருந்து வேண்டும். எனவே முதல் நாள் அளவு, இன்றைய அளவு, கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.