விற்கப்போகும் வீட்டை அளக்கும் தங்கைக்கு



காயல்பட்டினத்தில் ஒரு பழைய வீட்டை விற்பதற்கு முன் அளந்து வரைந்து தரும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கட்டடக்கலை படித்து முடித்த கையோடு இப்படியொரு வேலை அமைவது பெரிய பேறு. ஆனால், எப்படியாவது விற்பனையைத் தடுத்துவிட வேண்டும் என்ற வேகம் உன் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதை விட்டுவிடு. விற்பதும் வைத்துக்கொள்வதும் வீட்டுக்காரியின் உரிமை.

வீட்டுக்காரி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குப் போகும். நிக்காஹ் முடிந்தபின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ்வார். ஆண்கள் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் வியாபாரத்துக்குப் போய்விட, வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் உம்மாவும் மகள்களும். இப்போது விலை பேச முன்னால் வந்து நிற்பவர் மகனாகவோ மருமகனாகவோ இருக்கக்கூடும். அவரோடு மரியாதையாகப் பேசு. ஆனால் அந்த உம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு முன் டேப்பை விரிக்காதே.

எந்தக் கட்டு யாருக்கு என்று அவரிடமே கேள். இஸ்லாமியச் சட்டப்படி தானத்தை வாய்மொழியாகவே செய்யலாம்: கொடுப்பவர் அறிவிக்க வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், சொத்து கைமாற வேண்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் இதற்கு விலக்கு தந்திருக்கிறது. ஆகவே முன்கட்டு மூத்தவளுக்கு, பின்கட்டு இளையவளுக்கு என்று எப்போதோ பேசி முடித்திருந்தால், அது வில்லங்கச் சான்றிதழில் வராது. யார் எங்கே புழங்குகிறார்கள் என்று உன் வரைபடத்தில் குறித்து வை. வழக்கறிஞருக்கு அது உதவும்.

முடுக்கை மறந்துவிடாதே. தெருவுக்கு வராமலே பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் ஒடுக்கமான சந்து அது. வாங்குகிறவருக்கு அது வீணாய்க் கிடக்கும் இடமாகப் படும். சுவர் எழுப்பி உள்ளே சேர்த்துக்கொள்ள நினைப்பார். அப்படிச் செய்தால் வரிசையில் இருக்கிற அத்தனை வீட்டுப் பெண்களுக்கும் வழி அடைபட்டுப்போகும். முடுக்கின் அகலத்தையும், அதில் திறக்கும் ஒவ்வொரு கதவையும் அளந்து எழுது. பத்திரத்தில் வழிப்பாத்தியதை தெளிவாக வர வேண்டுமென்று இரு தரப்பிடமும் சொல். நீ பெண் என்பதால் அந்தக் கதவுகள் உனக்குத் திறக்கும். என்னைப் போன்ற ஆண்கள் வரைந்த படங்களில் பாதி வீடு வெற்றுக் கோடாகவே நின்றுவிட்டது.

சுவரைப் பற்றி உண்மையைச் சொல். கடற்காற்றின் உப்பும் நிலத்து ஈரமும் சுண்ணாம்புச் சுவருக்குள் வருவதும், காற்றில் உலர்ந்து வெளியேறுவதும் இயல்பு. பூச்சு உதிர்வதைப் பார்த்துப் பயந்து மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லை மாவாக்கிவிடும். ‘கொஞ்சம் சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் விலை ஏறும்’ என்று தரகர் சொன்னால் நீ ஒத்துக்கொள்ளாதே. அது வாங்குபவரை ஏமாற்றுவது. மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால், சட்டம் சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பார். உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

வீட்டுக்கு விலை படிவதற்கு முன்பே கதவுக்கும் தூணுக்கும் ஆள் வந்துவிடும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பெயர்த்தெடுத்த நிலைகள் எத்தனை நிற்கின்றன என்று பார்த்திருப்பாய். நூறு ஆண்டு கடந்த பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்ததாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். பரணில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதமோ கிதாபோ கிடைத்தால், பழைய பேப்பரோடு போகவிடாமல் படமெடுத்து, மூலத்தைக் குடும்பத்திடமே கொடு.

விளம்பரத்துக்கு மார்கோ போலோவை இழுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடு. அவர் எழுதிய காயல் துறைமுகம் காயல்பட்டினம் அல்ல, பழையகாயல்தான் என்று கால்டுவெல் அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்கு அதன் சொந்த வரலாறே தாராளம்.

படத்தை மூன்று பிரதி எடு: விற்கும் உம்மாவுக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, உனக்கு ஒன்று. மாடிச் சட்டங்களின் அளவை மட்டும் முன்கூட்டியே எனக்கு அனுப்பு, சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்