வீட்டுத் தச்சுவேலைக்கு வேண்டிய மூன்று துணைப் பலகைகள்

வயல்வேலை குறைந்த நாட்களில் மணை, முக்காலி, படச்சட்டம் முதலிய சிறு சாமான்களை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்பும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சங்க அங்கத்தினர்க்கு இப்பாடம் பயன்படும். புதிதாகத் தொடங்குபவர் வாள், உளி, இழைப்புளி ஆகியவற்றை வாங்கிய உடனே சாமான் செய்ய முற்படுகின்றனர். வேலை கோணலாக முடிகிறது. சில சமயம் இடக்கை விரலும் வெட்டுண்கிறது. அறுவடையில் கதிரைச் சேர்த்துப் பிடிப்பது அந்த இடக்கையே. இவ்விரு தீங்குக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: மரம் அசையாமல் நிற்க ஏற்பாடு செய்யப்படவில்லை.

பரம்பரைத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு வேலை செய்வர். சிறுவயது முதற்கொண்டு பழகிய அத்திறமையால் அவர்களுக்கு வேறு பிடி வேண்டியதில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலின் தேர் போன்ற பெருவேலைகள் அத்தகைய கைகளில் உருவானவை. பழக்கமற்றவர் அதனைப் பார்த்துச் செய்தல் ஆபத்து. பிரான்சு தேசத்தில் ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ என்னும் தச்சர் 1769 முதல் தம் தொழில் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் அவர் விவரித்த மேசையில் மரத்தை நிறுத்தத் தடைக்கட்டையும் இரும்புப் பிடியும் உண்டு. தடை கொடுத்து மரத்தை நிறுத்தும் அதே முறையைத் துண்டுப் பலகைகளைக் கொண்டே எளிதில் கைக்கொள்ளலாம்.

மரம்

2011 டிசம்பர் 30 அன்று புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இப்பகுதியின் மரங்கள் ஏராளமாக வீழ்ந்தன. அவ்வாறு வீழும் மா, வேம்பு, பூவரசு, பலா ஆகியவற்றின் துண்டுகள் இவ்வேலைக்குப் போதும். ஆனால் பச்சை மரம் ஆகாது. மரம் உலரும்போது நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, அகலத்தில் சுருங்கும். ஆகையால் பச்சைப் பலகையில் அமைத்த நேர்கோணம் பிறகு பிறழ்ந்துவிடும். பலகைகளின் இடையே குச்சிகளிட்டு நிழலில் அடுக்கி உலர்த்துக. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது வழக்கமான கணக்கு.

1. அறுப்புத் தடைப் பலகை

10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை ஒன்று எடுக்க. அகலத்துக்கேற்ற கட்டை ஒன்றை வேலை செய்பவர் பக்கத்து முனையில் அடிப்புறமாகப் பொருத்துக. அது மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். எதிர் முனையில் மேற்புறமாக மற்றொரு கட்டையைப் பொருத்துக. மேற்கட்டை வலப்புறம் ஓர் அங்குலம் குறைந்திருக்கட்டும். வாள் கீழிறங்கும்போது மேசையில் படாமல் அடிப்பலகையில் படும். இடக்கையால் அறுப்பவர் இடப்புறம் குறைத்துக்கொள்க.

கட்டைகளை வச்சிரப் பசையாலும் மூங்கில் முளைகளாலும் இறுக்குக. இரும்பாணி அடித்தால் என்றேனும் வாளின் பல் கெடும். முன்னே தள்ளும்போது அறுக்கும் வாள், மரத்தைத் தானே மேற்கட்டையோடு அழுத்துகிறது. விரல்கள் வாளின் வழியிலிருந்து விலகியிருக்கலாம்.

மேற்கட்டை நேர்கோணத்தில் இருக்கவேண்டும். பலகையின் நீள ஓரத்தில் மூலையிலிருந்து 8 அங்குலமும், கட்டையின் ஓரமாக 6 அங்குலமும் குறித்தால், இரு குறிகளுக்கும் இடையே சரியாக 10 அங்குலம் வரவேண்டும். வீட்டுக் கடைக்கால் போடும் கொத்தனார் மூலை பார்க்கும் கணக்கும் இதுவே.

2. முனை இழைக்கும் பலகை

அறுத்த முனை சொரசொரப்பாயிருக்கும். 18 அங்குல நீளம், 8 அங்குல அகலமுள்ள பலகைமேல், அதே நீளமும் 5 அங்குல அகலமுமுள்ள பலகையை இடப்புறம் ஒட்டி இறுக்குக. வலப்புறம் எஞ்சும் 3 அங்குலம் இழைப்புளி பக்கவாட்டில் படுத்து ஓடும் பாதை. மேற்பலகையின் எதிர்முனையில் நேர்கோணமாக ஒரு தடைக்கட்டை வைக்க. மரத்தைத் தடைக்கட்டையோடு அழுத்தி, முனையை மயிரிழையளவு வெளியே நீட்டி இழைத்தால் முனை நேராகும். பின்னால் கட்டை தாங்குவதால் மரத்தின் ஓரமும் பிளவுபடாது.

3. சாய்வு அறுப்புப் பெட்டி

படச்சட்டத்தின் மூலைகளுக்கு 45 பாகைச் சாய்வு வேண்டும். ஓர் அடிப்பலகையும் இரு பக்கப் பலகைகளும் சேர்ந்து வாய்க்கால்போல் அமைக்க. பெட்டியின் வெளி அகலம் 5 அங்குலமானால், மேல் விளிம்பில் நீளவாட்டிலும் 5 அங்குலம் குறித்து, எதிரெதிர் மூலைகளை இணைத்துக் கோடிடுக. அக்கோட்டின் வழியே அடிப்பலகை வரை அறுத்தால் வாளுக்குரிய காடி கிடைக்கும். எதிர்ச்சாய்வில் மற்றொரு காடியும் அவசியம்.

இதில் சிரத்தை மிகவும் தேவை. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டுக்கள். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கமாகத் தவறினால், கடைசி மூலையில் 4 பாகை இடைவெளி விழும்.

மூலைமட்டத்தைச் சோதித்தல்

கோணமெல்லாம் மூலைமட்டத்தை நம்பியிருத்தலால் அதனையும் சோதிக்கவேண்டும். நேரான ஓரமுள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடிடுக. புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடிடுக. இரண்டும் ஒன்றினால் மட்டம் சரி. விலகினால், விலகல் தவற்றின் இருமடங்கு. சங்கத்தில் இவ்வாறு சோதித்த மட்டம் ஒன்று பொதுவில் இருந்தால், அங்கத்தினர் முறைவைத்து அதைக்கொண்டு தத்தம் பலகைகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அறுப்புத் தடைப் பலகை, அதன் உதவியால் முனை இழைக்கும் பலகை, பிறகு பெட்டி என்னும் வரிசையில் செய்வதே முறை. முன்னதன் துணையால் பின்னது நேர்த்தியாக அமையும். உயர்ந்த மேசை இல்லாதவர் தரையில் கனத்த மணைப்பலகை ஒன்றின் விளிம்பில் இவற்றை மாட்டி உபயோகிக்கலாம். மணையும் முக்காலியும் இவை மூன்றும் முடிந்த பின்னரே தொடங்கத்தக்கவை.