பூட்டாத கார்

அன்பு மருமகளுக்கு,

வீட்டுக்குக் கார் வந்த சேதியை நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அதன் நிறம், முதல் நாள் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றியது, அப்பா ரிவர்ஸ் எடுக்கத் திணறியது எல்லாம் படித்து மகிழ்ந்தேன். ஒரு வரி மட்டும் என்னை மேலே படிக்க விடவில்லை. மாலையில் தம்பி காருக்குள்ளேயேதான் கிடக்கிறான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கே போய் வந்துவிடுகிறான், பக்கத்து சீட்டில் நாய் மணியையும் ஏற்றிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் இதைச் சொல்வதா என்று ஒரு நாள் யோசித்தேன். உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்பும் வரை தம்பி எங்கே இருக்கிறான் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்குப் பக்கத்தில், லெப்பைக்குடியிருப்பில், வீட்டருகே நின்ற காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் உள்ளேயே இறந்துபோனார்கள். 2024 நவம்பரில் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில், பண்ணையில் கூலி வேலை பார்த்த ஒரு தம்பதி வயலுக்குப் போயிருந்த நேரத்தில், அவர்களுடைய நான்கு பிள்ளைகள் அங்கே நின்ற காரில் ஏறி வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் அருகே துவாரபூடியில் இன்னும் நான்கு பேர். எல்லோருமே பத்து வயதுக்குக் கீழ். இந்த மூன்று இடத்திலும் யாரும் பிள்ளையைக் காரில் கூட்டிப்போய் மறந்துவிட்டு வரவில்லை. கார் எங்கும் போகவே இல்லை, சும்மா நின்றது. பிள்ளைகள் தாமாகக் கதவைத் திறந்து ஏறினார்கள். பிள்ளைகளால் கதவைத் திறக்க முடிந்ததைத் தவிர அங்கே வேறொன்றும் நடக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகள் 'மூச்சுத் திணறி பலி' என்று போடுகின்றன. அதைப் படிக்கிறவர்கள், காற்று தீர்ந்துபோனதால்தான் இறந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தால் போதும் என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. இத்தனை வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதை என்னால் விட்டுவிட முடியவில்லை. கார் என்பது காற்றுப்புகாத டப்பா இல்லை. மூடிய காருக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போய் வந்துகொண்டுதான் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் காற்று குறைவதற்கு வெகு முன்பே வெப்பம் உயிரை எடுத்துவிடும்.

அது எப்படி ஏறுகிறது என்று பார். வெயிலின் ஒளி கண்ணாடி வழியே தடையில்லாமல் உள்ளே வரும். டாஷ்போர்டு, சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் அதை உறிஞ்சிச் சூடாகும். அவை வெளிவிடும் வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டி எளிதில் போகாது. அவற்றைத் தொட்டுச் சூடான காற்றும் மேலெழுந்து போக வழியின்றி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2005இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வெளியே வெறும் 22 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் காருக்குள் 47 டிகிரி வரை போனது. நம் ஊரில் 22 டிகிரி என்றால் அது மார்கழி விடியற்காலை. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்தும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசமில்லை.

நிழலில் நிறுத்தினால் என்று கேட்பாய். வேப்பமரத்தடியில்தானே நிற்கிறது என்று உன் அப்பாவும் சொல்வார். 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் அரிசோனாவின் டெம்பி நகரில் கோடை வெயிலில் கார்களை நிறுத்திப் பார்த்தார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் டாஷ்போர்டு சராசரி 69 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி. நிழலில் நின்ற காரில் டாஷ்போர்டு 48 டிகிரி. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டார்கள். வெயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலும், நிழலில் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் உடல் வெப்பம் ஆபத்தான அளவைத் தொட்டுவிடும் என்று வந்தது. நிழல் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

நீயும் தம்பியும் ஒரே காரில் அகப்பட்டால் அவன் உன்னைவிடச் சீக்கிரம் துவண்டுவிடுவான். உடல் சிறிதாக இருந்தால், எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். சுற்றிலும் உள்ள சூடு அவ்வளவு வேகமாக உள்ளே இறங்கும். பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சிறு குழந்தைகளின் உடல் சூடேறும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது ஹீட் ஸ்ட்ரோக். மூளை தடுமாறும், வியர்வை நின்றுபோகலாம், வலிப்பு வரலாம். முதலில் அழுகிற பிள்ளை பிறகு அழாமல் சாய்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தூங்குவதுபோலவே தெரியும்.

கதவைத் திறந்து வரத் தெரியாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் காரின் பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார். மூடியிருக்கும்போது தெரியாத இடத்தில் ஒரு சின்ன விசை இருக்கும். அதுதான் சைல்டு லாக். ஓடும் வண்டியில் குழந்தை கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அது போட்டிருந்தால் பின்சீட்டிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியே இருந்து யாராவது திறக்க வேண்டும். பவர் விண்டோ வண்டியை ஆன் செய்தால்தான் இறங்கும். சாவி அவன் கையிலேயே இருந்தால் விளையாட்டாக ரிமோட்டை அழுத்திப் பூட்டிக்கொள்வான், மறுபடி எதை அழுத்துவது என்று அந்தப் பதற்றத்தில் தெரியாது. கண்ணாடிகள் மூடியிருந்தால் கத்துவது தெருவுக்குக் கேட்காது. டிக்கியுள்ள காரானால் கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் அதற்குள்ளும் ஒளிவார்கள். அமெரிக்காவில் 2001 முதல் புதிய கார்களின் டிக்கிக்கு உள்ளிருந்தே திறக்கும் பிடி வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் ஊரில் ஓடும் எத்தனையோ வண்டிகளில் அது கிடையாது.

பெரியவர்கள் மறந்துவிட்டுப் போவது இன்னொரு கதை. அதைப் பற்றியும் சொல்கிறேன், நீ பெரியவளாகி வண்டி ஓட்டப்போகிறவள். 1990களில் அமெரிக்காவில் முன்சீட்டு ஏர்பேக் விரிந்து குழந்தைகள் இறந்ததால், எல்லாக் குழந்தைகளையும் பின்சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பின்னால் உறங்கும் கைக்குழந்தை ஓட்டுபவரின் கண்ணில் படாமல் போனது. ஜான் நல் என்ற வானிலை ஆய்வாளர் 1998 முதலான கணக்கைத் திரட்டி வைத்திருக்கிறார். காரின் சூட்டில் அங்கே இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கும் மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் மறந்து விடப்பட்டவர்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் பணகுடிப் பிள்ளைகளைப்போலத் தாமாக ஏறியவர்கள்.

பெற்ற பிள்ளையை மறப்பார்களா என்று நீ கோபப்படலாம். மறந்தவர்களில் ஆசிரியர்களும் மருத்துவர்களும் உண்டு, பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்களே அநேகம். தினமும் போகும் வழியில் கை தானாக வண்டியை ஓட்டிக்கொண்டு போகும். இன்று வழியில் குழந்தையை இறக்கிவிட வேண்டும் என்ற புதிய நினைப்பை அந்தப் பழக்கம் அமுக்கிவிடும். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதனால் யாரையும் திட்டுவதைவிடக் கைப்பையையும் செருப்பையும் குழந்தைக்குப் பக்கத்தில் பின்சீட்டில் வைப்பது மேல். இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும் அல்லவா?

நீ பள்ளி வேனில் போகிறவள் என்பதால் ஒன்று. 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில் நான்கு வயது மலையாளிச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தில் உறங்கிவிட்டாள். அவள் உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் பேருந்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் பிழைக்கவில்லை. உங்கள் வேனில் எல்.கே.ஜி. பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். இறங்கும்போது கடைசி சீட்டு வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு இறங்கு. டிரைவர் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதே.

மணிக்கும் இதேதான், இன்னும் மோசமாக. நாய்க்குப் பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளே இழுக்கும் காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் எவ்வளவு இளைத்தும் பயனில்லை. உங்கள் ஊர் கடலோரம், புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். எதிர் வீட்டில் வளரும் பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும். மருந்துக் கடையில் ஐந்தே நிமிடம் என்று மணியைக் காரில் விட்டுப் போகாதீர்கள். ஏ.சி. ஓடுகிறதே என்பதும் துணையில்லை. இன்ஜின் நின்றால் ஏ.சி.யும் நின்றுவிடும்.

என் பாட்டி வீட்டுக் கொல்லையில் திறந்த கிணறு இருந்தது. அந்தப் பக்கம் போகும் கதவுக்கு எப்போதும் கொண்டி போட்டிருக்கும், அதை யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் காருக்கும் அப்படி ஒரு வழக்கம் வேண்டும். வாசலில் நின்றாலும் பூட்டியே இருக்கட்டும். சாவி தம்பிக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும். அவன் ஸ்டியரிங் பிடிக்க ஆசைப்பட்டால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பிடிக்கட்டும். அவனைக் காணோம் என்றால் முதலில் தண்ணீர்த் தொட்டியையும் உங்கள் காரையும் டிக்கியையும் பார், பிறகு தெருவில் நிற்கும் மற்ற கார்களைப் பார். அதற்குப் பிறகு பக்கத்து வீடுகளில் கேட்கலாம்.

எந்தக் காருக்குள்ளாவது ஒரு குழந்தை தனியாக இருப்பதைக் கண்டால் உடனே சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடு, 112ஐ அழைக்கச் சொல். குழந்தை துவண்டிருந்து கதவும் திறக்காவிட்டால், குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை உடைக்கச் சொல். முன்கண்ணாடி அவ்வளவு எளிதில் உடைந்து விழாது. வெளியே எடுத்ததும் நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அதை நிறுத்தக் கூடாது. மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நாய்க்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் அப்பாவையும் தம்பியையும் காருக்குக் கூட்டிப் போ. கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்குத் தாவி வந்து முன்கதவைத் திறக்க அவனுக்குப் பழக்கிக் கொடு. பல கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் ஒலிக்கும். உங்கள் காரில் ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒலித்தால், உள்ளே மாட்டிக்கொண்டால் யாராவது வரும்வரை அதை விடாமல் அழுத்த வேண்டும் என்று நாலைந்து முறை செய்யச் சொல். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் எதற்கென்று அவர்களிடமும் சொல்லிவிடு. அவர்கள் வாசலிலும் கார் நிற்கிறது, பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வருகிறார்கள்.

அன்புடன்,
மாமா