ஒரே கணினி, இரண்டு இயங்குதளம்: பழைய மடிக்கணினியைப் பாதுகாப்பாகத் தொடர ஒரு வழி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. கணினி அன்றோடு நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அந்தக் கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம், ஆதார் நகலைப் பதிவேற்றுகிறோம்.

சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாமே? அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அது ஆதரிக்கும் செயலியும் வேண்டும். பல பழைய மடிக்கணினிகளில் இவை இல்லை. அதற்காக நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடவும் வேண்டாம், விண்டோஸை அழிக்கவும் வேண்டாம். பக்கத்திலேயே இன்னோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். இதைத்தான் 'டூயல் பூட்' என்கிறார்கள்.

டூயல் பூட் என்றால் என்ன?

காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று, பெஞ்சும் ஒன்று. ஆனால், ஒரு நேரத்தில் ஒரு ஷிஃப்ட்தான். டூயல் பூட்டும் அப்படித்தான். கணினியை ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வரும். தேர்ந்தெடுத்தது மட்டும் ஓடும். அதனால் ரேம் இரண்டாகப் பிரியாது, வேகமும் குறையாது. பிரிவது ஹார்ட் டிஸ்க் இடம் மட்டும்தான். இந்த வேலையில் உள்ள உண்மையான ஆபத்தும் அந்த இடத்தைப் பிரிக்கும்போதுதான் இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது. பலர் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள், இரண்டாவதைத் தொட்டிருக்க மாட்டார்கள்!

உங்கள் கணினி தாங்குமா?

உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய இரண்டும் தொடக்கநிலைப் பயனர்களுக்கு ஏற்றவை. இரண்டும் இலவசம். யாராவது 'லைசென்ஸ் கட்டணம்' கேட்டால் கொடுக்காதீர்கள்.

• 64-பிட் செயலி, 4 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. ரேம் 2 ஜிபிதான் என்றால் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு ஓரளவு கைகொடுக்கும்.
• டிஸ்கில் குறைந்தது 25 ஜிபி காலி இடம் வேண்டும். 50 ஜிபி இருந்தால் நிம்மதி.
• 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக இருக்கட்டும்.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் அனுமதி வாங்காமல் கை வைக்க வேண்டாம்.

தொடங்கும் முன் நான்கு வேலைகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கோப்புகளை இழப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்பட்டிருப்பார்கள்.

1. நகல் எடுங்கள். புகைப்படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், பத்திர நகல்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள். சேமித்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகலே இல்லை.

2. பிட்லாக்கரைப் பாருங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பூட்டை நீக்கி, நீக்கும் வேலை முழுதாக முடியும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் நிறுவும்போது தடை வரும். சாவி இல்லாமல் கோப்புகளே திறக்காத நிலையும் வரலாம்.

3. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். இது ஆனில் இருந்தால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்காது, பாதித் தூக்கத்தில் இருக்கும். அப்போது லினக்ஸிலிருந்து விண்டோஸ் கோப்புகளைத் திருத்த முடியாமல் போகும். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் இது இருக்கிறது.

4. சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள். டிஸ்க் பிரியும் நேரத்தில் கணினி அணையக் கூடாது. பேட்டரி போன மடிக்கணினி என்றால், மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலை வேண்டாம்.

எப்படிச் செய்வது?

கணினி இந்த வேலையில் இருக்கும்போது அதில் எதையும் படிக்க முடியாது. எனவே இந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உபுண்டு அல்லது மின்ட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் 'ஐஎஸ்ஓ' கோப்பைப் பதிவிறக்குங்கள். 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் அதைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். கோப்பைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் வேலை செய்யாது.

படி 2: விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, சி டிரைவில் ரைட் கிளிக் செய்து, 'ஷ்ரிங்க் வால்யூம்' மூலம் 50 ஜிபி இடத்தைக் காலியாக்குங்கள். அந்தக் காலி இடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 3: பென்டிரைவைச் செருகிக் கணினியை மறுபடி ஆன் செய்யுங்கள். உடனே பூட் மெனு விசையை அழுத்துங்கள். லெனோவா, டெல் கணினிகளில் பொதுவாக எஃப்12, எச்பி-யில் எஃப்9.

படி 4: நிறுவும் முன் 'டிரை' என்ற தேர்வில் ஓட்டிப் பாருங்கள். மின்ட் நேரடியாகவே இந்த நிலையில்தான் திறக்கும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா? இதுவரை டிஸ்கில் லினக்ஸ் எதையும் எழுதியிருக்காது. பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைக் கழற்றிவிடலாம், அவ்வளவுதான்.

படி 5: நிறுவும்போது 'இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்று தொடங்கும் தேர்வைத் தொடவே கூடாது. அது விண்டோஸையும் உங்கள் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். 'அலாங்சைடு' தேர்வு திரையிலேயே வரவில்லை என்றால், விண்டோஸ் இருப்பதை நிறுவி கண்டுகொள்ளவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்துங்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். கடைசியாக வரும் சுருக்கத் திரையையும் ஒரு முறை நிதானமாகப் படித்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதே?
கணினி பழுதாகவில்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணினிக் கடிகாரத்தில் எழுதும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படித்துவிடும். அந்த 5.30 மணி நேர வித்தியாசம்தான் இது. விண்டோஸில் நேர அமைப்புக்குள் போய் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதும்படி மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைக் காணோமே?
பெரும்பாலும் அழிந்திருக்காது. ஆன் ஆகும் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்திருக்கும். பூட் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால்?
அதன் இடத்தை எடுத்தவுடன் அழிக்காதீர்கள். தொடக்கப் பட்டியலும் அங்கிருந்துதான் வருகிறது, அழித்தால் கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடலாம். முதலில் பயாஸ் அமைப்பில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்தில் வரும்படி மாற்றி, விண்டோஸ் நேராகத் திறப்பதை உறுதிசெய்த பிறகு அழியுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யலாமா?
தாராளமாக. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

எதை எதில் செய்வது?

நிறுவி முடித்த பிறகும் பழக்கத்தில் பழைய விண்டோஸிலேயே வங்கிக் கணக்கைத் திறந்தால், பட்ட பாடு வீண். இணையம் தேவைப்படும் வேலையெல்லாம் லினக்ஸில் செய்யுங்கள்: வங்கி, மின்னஞ்சல், இ-சேவை விண்ணப்பம், டிஜிலாக்கர். உலாவியில் இயங்கும் சேவைகளுக்கு விண்டோஸ் கட்டாயமில்லை. விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள், பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றுக்கு மட்டும் விண்டோஸைத் திறங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

லினக்ஸ் வந்துவிட்டது என்பதற்காக ஓடிபி-யை யாரிடமும் சொல்லிவிடலாம் என்று ஆகிவிடாது. இயங்குதளம் அடைப்பது மென்பொருள் ஓட்டையை மட்டும்தான். லினக்ஸில் 'அப்டேட் இருக்கிறது' என்று அறிவிப்பு வரும்போது தள்ளிப்போடாமல் நிறுவிவிடுங்கள். அந்த அப்டேட்டுக்காகத்தானே இரண்டாவது இயங்குதளமே!