விசிறி நின்றால் ரீசெட் மட்டும் போதுமா?



ஸ்டோரில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்குப் பல இடங்களில் இப்போது டிரைவ் பெட்டி பூட்டியிருக்கிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. சில நேரம் அது 'ஓவர் கரண்ட்' என்று காட்டி மோட்டாரை நிறுத்திவிடும். கொழுந்து பழுதாகிவிடுமே என்ற பயத்தில் நாம் ரீசெட்டை அமத்துகிறோம். மறுபடி நின்றால் மறுபடியும் அமத்துகிறோம். இது பிழை. காரணத்தைத் தேடாமல் அமத்திக்கொண்டே இருந்தால் டிரைவும் மோட்டாரும் எரிந்துபோகலாம்.

எப்போது நின்றது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

1. போட்டவுடனேயே நின்றால்: கேபிளிலோ மோட்டார் சுருளிலோ ஷோட் இருக்கலாம். வயர் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் போயிருக்கலாம்.

2. வேகம் பிடிக்கும்போது நின்றால்: வேகமெடுக்க வைத்த நேரம் போதவில்லை, அல்லது விசிறி இறுகியிருக்கிறது.

3. ஓடும்போது நின்றால்: பேரிங் தேய்ந்திருக்கும், பிளேட்டில் ஏதாவது சிக்கியிருக்கும்.

எலக்ட்ரீஷியன் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு டிரைவை மட்டும் போட்டுப் பார்ப்பார். அப்போதும் அதே பிழை வந்தால் பெரும்பாலும் டிரைவில்தான் கோளாறு. வராவிட்டால் கேபிளையும் மோட்டாரையும் சோதிக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, நின்ற நேரத்தையும் பெட்டி காட்டிய எழுத்தையும் குறித்து அவரிடம் சொல்வதுதான். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் பெட்டிக்குள் மின்சாரம் சில நிமிடம் தங்கியிருக்கும், மூடியைத் திறக்காதீர்கள். சில டிரைவ்கள் தானாகவே திரும்ப ஓடத் தொடங்கும். நின்ற விசிறிக்குள் கை விடவே வேண்டாம்.

கொழுந்து கெட்டால் நாளைக்கும் பறிக்கலாம். கை போனால் யார் தருவார்?